துரைக்குக் கடல்பாசி

தன் புருஷனைக் கொன்றவனுக்குத் திங்கட்கிழமை தவறாமல் சாப்பாடு போடுகிற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பெயர் ஜெய்னப். வீடு அஸ்தினாபுரத்தில். தாம்பரத்தில் நான் பிஎச்.டி. செய்கிற கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். என்னைவிடப் பெரியவள் என்பதால் எனக்கு ஜெய்னப் அக்கா. அக்காவைப் பற்றி யாராவது ‘பாவம், ரொம்பப் பொறுமைசாலி’ என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பொறுமைசாலியும் இல்லை, பாவமும் இல்லை. பழி வாங்கக் காத்திருக்கிறவளும் பொறுமைசாலியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருப்பார்கள், அவ்வளவுதான்.

கொன்றவன் ஒரு பாக்டீரியா. க்ளெப்சியெல்லா என்று புத்தகத்தில் பெயர். அக்கா வைத்த பெயர் துரை.

துரைக்குச் சாப்பாடு கடல்பாசி. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும்போது பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போட்டு வைப்பார்களே, அதே கடல்பாசிதான். ஆய்வுக்கூடத்தில் அதற்கு அகார் என்று பெயர் மாற்றி, சத்துப் பொருள்களைக் கலந்து தட்டில் ஊற்றுகிறோம். அது உறைந்ததும் மேலே கிருமியைத் தடவினால் அமோகமாக வளரும். அக்காவின் கணவர் அக்தருக்குக் கடல்பாசி என்றால் உயிராம். நோன்பு இல்லாத மாதங்களிலும் செய்யச் சொல்லி நச்சரிப்பாராம். இப்போது வீட்டில் கடல்பாசி செய்வது நின்றுபோயிற்று. அவரைத் தின்றவனுக்கு மட்டும் வாராவாரம் செய்து ஊற்றுகிறாள்.

நான் அங்கே சேர்ந்த புதிதில் இதைப் பார்த்துக் குழம்பிப்போனேன். துரை இருக்கிற பழைய தட்டிலிருந்து கம்பி நுனியில் துளி எடுத்து, புதுத் தட்டில் கோடு கோடாக இழுத்து, உடம்புச் சூட்டில் வைக்கிற பெட்டிக்குள் வைப்பாள். “துரைக்குப் படுக்கை போட்டாச்சு” என்று சொல்லிக் கை கழுவுவாள். இதைச் செய்யாமல் விட்டால் அது காய்ந்து தானாகவே செத்துவிடும். நான் கேட்டே விட்டேன்.

“ஏன்க்கா, இவ்ளோ கோவம் இருந்தா தூக்கி ஆட்டோக்ளேவ்ல போட வேண்டியதுதானே? ஒரு விசில்ல செத்துடுமே.”

ஆட்டோக்ளேவ் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெரிய குக்கர். கெட்டுப்போன தட்டுகளை அதில்தான் அவித்துக் கொட்டுவோம்.

“சூடு காட்டினா எல்லாந்தான் சாவும், நீயும் சாவ, நானும் சாவேன்” என்றாள் அக்கா. “இது அப்பிடி சாவக் கூடாது சந்திரிகா. அவருக்கு ஆஸ்பத்திரியில கடைசியா ஒரு மருந்து ஏத்தினாங்க பாரு, அது இது மேல வேலை செய்யல. அதே மருந்துல சாவணும். என் கண்ணு முன்னாடி சாவணும். அதுவரைக்கும் சோறு போடுவேன்.”

அன்றிலிருந்து நான் அக்கா கட்சி.

அக்தருக்குக் குரோம்பேட்டையில் கார் ஏசி பழுதுபார்க்கிற வேலை. நல்ல வேலைக்காரர். சர்க்கரை இருந்தது. ஆனால் டாக்டரிடம் போய் உட்கார்ந்தால் அரை நாள் வேலை போய்விடும். எனவே தும்மலோ, இருமலோ, விரலில் தகரம் கிழித்த வெட்டோ, எதுவானாலும் தெருமுனை மெடிக்கல் ஷாப்தான். “அண்ணா, ஒரு செட் குடுங்க” என்றால் போதும். கடைக்காரர் ஒரு சின்ன காகிதக் கவரில் ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை, ஒரு சிவப்பு-கறுப்பு கேப்சூல் போட்டுத் தருவார். ஒரு வேளைக்கு அவ்வளவுதான். தேவைப்பட்டால் சாயந்திரம் இன்னொரு செட். தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை எந்தத் தெருவிலும் இந்த வழக்கம் உண்டு, நானும் என் அப்பாவுக்கு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த சிவப்பு-கறுப்பு கேப்சூல்தான் ஆன்டிபயாடிக். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்து அது. அதில் ஒன்று இன்றைக்கு, ஒன்று அடுத்த மாதம் என்று கிள்ளிக் கிள்ளிப் போட்டால் உடம்பில் இருக்கிற கிருமிகளில் சொங்கிகள் சாகும். பலசாலிகள் மருந்தைப் பார்த்துப் பழகிக்கொண்டு பெருகும். அக்தர் வருஷக்கணக்காக அப்படித்தான் துரையைப் பழக்கினார். அக்கா கத்தாத நாள் இல்லை. “கேப்சூல் போட்டா மறுநாளே வேலைக்குப் போறேன்ல, வேற இன்னா வேணும்?” என்பாராம்.

ஒரு நாள் ஏசி கண்டன்சர் நழுவிப் பாதத்தில் விழுந்து கிழித்தது. வழக்கம்போல் செட். மறுபடியும் செட். கால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது புண் உள்ளே போய்விட்டிருந்தது.

அக்கா அப்போது குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். இப்போதும் மாலையில் அங்கே போகிறாள். அக்தர் புண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்த சீழ் அந்த நிலையத்துக்குத்தான் வந்தது. தட்டு போட்டவள் அக்காதான். இந்தச் சோதனை எளிமையானது. தட்டு முழுக்கக் கிருமியைத் தடவிவிட்டு, மேலே விதவிதமான மருந்து ஊறிய சின்னக் காகித வில்லைகளை வைப்போம். மறுநாள் பார்த்தால், வேலை செய்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்று வட்டம் விழுந்திருக்கும். பெரிய வட்டம் என்றால் மருந்து கில்லாடி. வட்டமே இல்லை என்றால் கிருமி கில்லாடி.

அக்தரின் தட்டில் ஒரு வட்டம்கூட இல்லை. எல்லா வில்லைகளையும் ஒட்டி, மொழுமொழுவென்று, ஜவ்வரிசிப் பாயசம் கொட்டியதுபோல் வளர்ந்திருந்தது. புருஷன் பிழைக்க மாட்டார் என்பது டாக்டர்களுக்கு முன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயந்திரம் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். “ரிசல்ட் வந்துச்சா?” என்று அக்தர் கேட்டார். “வந்துச்சு, மருந்து மாத்துவாங்க” என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை ஊட்டினாள். மாற்றினார்கள். கடைசி மருந்து என்று ஒன்றை ஏற்றினார்கள். அதுவும் தோற்றது.

மய்யத்தை எடுத்த மறுநாள் மெடிக்கல் ஷாப்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். பெயர் கதிரேசன். கெட்டவர் என்று அந்தத் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். கையில் காசில்லாத நேரத்திலும் மாத்திரை தருவார். கிழவிகளை ‘ஆயா’ என்றும் சின்னப் பெண்களை ‘கண்ணு’ என்றும் கூப்பிடுவார். பாதி ஜனம் அவரை டாக்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“பாய்க்கு நம்ம கடையில மட்டமான சரக்கு குடுத்ததே இல்லம்மா. நல்ல ஸ்ட்ராங்கு மாத்திரையா பாத்துப் பாத்துதான் போட்டேன். அப்பிடியும் இப்பிடி ஆயிடுச்சே.”

அக்கா பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே இன்னொரு மய்யத்து விழுந்திருக்கும் என்று பிறகு என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்குக் கணக்கு இரண்டு பேரிடம். கொன்றவன் ஒருவன், அவனைக் கொழுக்க வைத்தவன் ஒருவன்.

புருஷன் இறந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா மாதங்களில் அக்கா வெளியே வரவில்லை. அது முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், பரிசோதனை நிலையத்துக் குளிர்பெட்டியைத் திறந்து, தான் ஒளித்து வைத்திருந்த சின்னக் குப்பியைத்தான் பார்த்தாள். அக்தரின் புண்ணிலிருந்து வந்த கிருமி. ஒரு துளி எடுத்துப் புதுத் தட்டில் இழுத்தாள். மறுநாள் பளபளவென்று எழுந்து உட்கார்ந்திருந்தது. “துரை எழுந்துட்டாரு” என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

குப்பியை எடுத்துக்கொண்டு எங்கள் பேராசிரியர் சத்யநாராயணன் சாரைத் தேடி வந்தாள். மருந்துக்கு அடங்காத கிருமிகளை ஆஸ்பத்திரிகளிலிருந்து முறைப்படி வாங்கி, செடி கொடிகளிலும் மசாலாப் பொருள்களிலும் இருக்கிற சாரங்களால் அவற்றை அடக்க முடியுமா என்று பார்ப்பதுதான் சாரின் ஆராய்ச்சி. பரிசோதனை நிலையத்தின் கடிதத்தையும் வாங்கி வந்திருந்தாள். “இத வெச்சுக்கங்க சார், என்னையும் வெச்சுக்கங்க” என்றாளாம். சார் இரண்டையும் வைத்துக்கொண்டார்.

ஆராய்ச்சி என்றால் சட்டென்று ஒன்றும் நடக்காது. இடைப்பட்ட நேரத்தில் அக்கா சும்மா இருக்கவில்லை, கதிரேசனைக் கவனித்தாள். அந்தக் கதையைச் சொல்லாமல் விட முடியாது.

எங்கள் பக்கம் யாராவது செத்தால் தெருமுனையில் ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் வைப்பார்கள் இல்லையா, இரண்டு பக்கமும் விளக்கு, மேலே இரண்டு புறா, நடுவில் மாலை போட்ட போட்டோ. அக்கா ஒரு பேனர் கடைக்குப் போய் அப்படியொன்று அடிக்கச் சொன்னாள். “போட்டோ குடுங்க” என்று கேட்டவனிடம் சிவப்பு-கறுப்பு கேப்சூலின் போட்டோவைக் கொடுத்தாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடித்துக் கொடுத்தான். கேப்சூலுக்கு ரோஜா மாலை. கீழே வாசகம்: ‘எங்கள் தெருவில் பல்லாண்டு உழைத்து, ஒரு வேளை ஒரு வேளையாகப் பிய்த்துக் கொடுக்கப்பட்டு, வேலை செய்யும் சக்தி இழந்து மறைந்த அன்பு மருந்துக்குக் கண்ணீர் அஞ்சலி. இவண், அக்தர் குடும்பத்தார்.’ அதை மெடிக்கல் ஷாப்புக்கு நேர் எதிரே கட்டினாள்.

கதிரேசன் வெளியே வந்து படித்தார். கூனிக்குறுகிப் போவார் என்று அக்கா வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்தார். “சூப்பரா கீதும்மா” என்று கையாட்டிவிட்டு, பேனருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். போகிற வருகிறவர்களும் எடுத்தார்கள். இதைவிடக் கொடுமை, மறுநாளிலிருந்து ஆட்கள் கடைக்கு வந்து பேனரைக் காட்டி, “அதோ அந்தக் கேப்சூல் ஒண்ணு குடுங்கண்ணா” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அஞ்சலி விளம்பரமாகிவிட்டது. அக்கா போய்த் தன் கையாலேயே கிழித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கிழிசல் இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்கு வெயில் மறைப்பு.

இந்தச் சமயத்தில் சத்யநாராயணன் சார் நியாயமாக ஒன்று சொன்னார். “ஒரு கடைக்காரர் மேல மட்டும் பழி போட முடியாது ஜெய்னப். ஆஸ்பத்திரி, கோழிப்பண்ணை, சாக்கடை, எல்லாமே காரணம்.”

“எல்லாரும் காரணம்னு சொன்னா ஒருத்தரும் காரணம் இல்லன்னு ஆயிடும் சார்” என்றாள் அக்கா. “எனக்கு ஒருத்தர் வேணும்.”



துரை மீது நாங்கள் போடாத பொருள் இல்லை. அக்கா முதலில் கொண்டுவந்தது கருஞ்சீரகம். அவள் வீட்டில் எந்த நோவுக்கும் அதில்தான் ஆரம்பிப்பார்கள். துரை அசையவே இல்லை. மஞ்சளோ தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. பூண்டு போட்டோம், ஆய்வுக்கூடம் முழுக்கப் பிரியாணிக் கடை வாசனை, பக்கத்து டிபார்ட்மெண்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். துரை கொஞ்சம் முகம் சுளித்ததோடு சரி. கடுக்காய், கொய்யா இலை, வெற்றிலை, கிராம்பு. ஒவ்வொன்றையும் இடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, சாரம் எடுத்து, துளித் துளியாகக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தோற்றபோது நான் சோர்ந்து போய்க் கேன்டீனுக்குப் போவேன். அக்கா போக மாட்டாள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, “நல்லா சாப்பிடு, நல்லா சாப்பிடு” என்பாள்.

கடைசியில் துரை மாட்டியது ஓமத்திடம். பிள்ளைகளுக்கு வயிற்று வலி என்றால் ஓமவாட்டர் கொடுப்போமே, அதே ஓமம். அதன் சாரத்திலிருந்து சார் பிரித்து எடுத்த ஒரு பொருளைக் கொஞ்சமாகக் கடல்பாசியில் கலந்தபோது, துரை சாகவில்லை, ஆனால் வளர்ச்சி மந்தமாயிற்று. வழக்கமாக ஒரே நாளில் தட்டை நிரப்புகிறவன் பாதித் தட்டோடு நின்றான்.

சார் விளக்கியதை முடிச்சூர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். மழை வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் மோட்டார் போட்டு இறைத்து வெளியே தள்ளுகிறோம் அல்லவா. துரையும் அப்படித்தான், உள்ளே வருகிற மருந்தை இறைத்து வெளியே தள்ளுகிறான். அதனால்தான் மருந்து தோற்றது. ஓமச் சாரம் அந்த மோட்டாரை மந்தமாக்குகிறது போலிருக்கிறது என்றார் சார். அப்படியானால் மோட்டார் மந்தமாக இருக்கும்போது பழைய மருந்தை வைத்தால்?

எந்த மருந்தை வைப்பது என்று சார் கேட்கவே இல்லை. அக்கா ஏற்கெனவே அந்த வில்லையை இடுக்கியில் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்தருக்குக் கடைசியாக ஏற்றிய மருந்து.

மறுநாள் காலை நான் வரும்போது அக்கா தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வில்லையைச் சுற்றி ஒரு வட்டம். பெரிதில்லை, சட்டைப் பொத்தான் அளவுதான். ஆனால் சுத்தமான வெற்று வட்டம். அதற்குள் துரை இல்லை. நான் கத்தியேவிட்டேன். சார் ஓடி வந்தார். பார்த்தார். மறுபடி மறுபடி செய்து பார்த்தோம், ஒவ்வொரு தடவையும் வட்டம் விழுந்தது.

“ரொம்ப சந்தோஷப்பட்டுடாதீங்க ஜெய்னப்” என்றார் சார். “இது தட்டு, மனுஷ உடம்பு இல்ல. இந்தச் சாரம் அதைக் கொல்லல, மெதுவாக்குது. மருந்தா வர்றதுக்கு வருஷக்கணக்கா ஆகும். வராமலே போகலாம்.”

“மெதுவாவே ஆவட்டும் சார்” என்றாள் அக்கா. “அவரும் மெதுவாத்தான் போனாரு. பட்டுனு செத்துட்டா எனக்கு என்ன கெடச்சுது?” பிறகு தட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, சொந்தக்காரரை நலம் விசாரிக்கிற மாதிரி கேட்டாள்: “எப்பிடி இருக்கு துரை?”

நான் அவளை அவ்வளவு அழகாக அதற்கு முன் பார்த்ததில்லை. பழி வாங்கினால் மனசு ஆறாது என்று எழுதி வைத்தவர்கள் யாரும் அன்றைக்கு அந்த அறையில் இல்லை.

ஆக, ஒரு கணக்கு தீர ஆரம்பித்தது. மற்றக் கணக்கு தானாகவே தேடிக்கொண்டு வந்தது.

சில வாரம் கழித்து, மாலையில் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு பஞ்சுக் குச்சி வந்தது. கால் கட்டைவிரல் புண், சர்க்கரை நோயாளி, பெயர் கதிரேசன், அஸ்தினாபுரம். அக்கா எனக்குப் போன் செய்தாள்.

“சந்திரிகா, அவனோட தட்ட நான்தான் போட்டேன். ஒழுங்காத்தான் போட்டேன், ஒரு குறையும் வெக்கல. ஆனா ஒரு வட்டமும் விழக் கூடாதுன்னு துஆ கேட்டுகினே போட்டேன். அல்லா என்னை இன்னா வேணா பண்ணட்டும்.”

நான் அவளுக்குப் புத்தி சொல்லவில்லை. மறுநாள் நானும் குரோம்பேட்டைக்குப் போனேன். எனக்கும் அந்தத் தட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

அக்கா மூடியைத் திறந்தாள். இருவரும் குனிந்தோம்.

தட்டு முழுக்க வட்டம். ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் அகல அகலமாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. எங்கள் அம்மா காலத்து மருந்தின் வில்லைக்குக்கூட ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம். இப்படி ஒரு தட்டைப் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். எந்த மருந்து கொடுத்தாலும் கதிரேசன் பிழைத்துக்கொள்வார்.

அக்கா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. முகம் மாறுவதைப் பார்த்தேன்.

“இது மருந்தையே பாக்காத கிருமி” என்றாள். “இவன் ஒரு கேப்சூல்கூடப் போட்டதில்ல.”

“ஒரு தட்ட வெச்சு அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுக்கா” என்றேன். படித்த படிப்பு சொல்ல வைத்தது.

“சொல்ல முடியாதுன்னா கேட்டுடலாம். நீயும் வா.” ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பிவிட்டு, கதிரேசனுக்கான பிரதியை எடுத்துப் பையில் வைத்தாள். “இப்ப வேணாம். டிரெயின் எறங்கி ஜனம் வர்ற நேரத்துக்குப் போலாம்.”

நாங்கள் போனபோது கடையில் நல்ல கூட்டம். கதிரேசன் கால் கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கவர் கவராகப் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் நின்றவள் எல்லம்மா, அங்கே ஒரு அப்பார்ட்மெண்டில் பெருக்கித் துடைக்கிற வேலை செய்பவள். அவள் கையில் செட் வந்துவிட்டது. அக்காவைப் பார்த்ததும் கதிரேசன் முகம் வெளுத்தது.

“ரிப்போர்ட்டு வந்துடுச்சாம்மா? இன்னா சொல்லுது? பாய்க்கு வந்த மாதிரியா?”

“தனியா சொல்லணுமாண்ணா, இங்கயே சொல்லட்டுமா?”

“சொல்லும்மா, நம்ம ஜனந்தானே. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல.”

“பயப்படாதீங்க. சாதாரணக் கிருமிதான். எல்லா மருந்தும் கேக்குது. டாக்டர் எழுதிக் குடுக்கறத ஒழுங்கா சாப்பிட்டா சரியாயிடும்.”

கதிரேசன் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டத்திலும் ஒரு நிம்மதி. குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டதாக யாரோ சொன்னார்கள்.

“ஒண்ணுதான் எனக்குப் புரியலண்ணா” என்றாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. “எங்க வூட்டுக்காரருக்கும் சக்கரை, உங்களுக்கும் சக்கரை. அதே தெரு, அதே தண்ணி. அவரோட தட்டுல ஒரு மருந்தும் வேலை செய்யல. உங்களுக்கு எல்லாமே வேலை செய்யுது. நீங்க இந்தக் கேப்சூல்லாம் அதிகம் போட்டுக்க மாட்டீங்களோ?”

சந்தோஷத்தில் இருந்த மனுஷன் யோசிக்கவில்லை. பெருமையாகவே சொன்னார்.

“நானா? சேச்சே! இத்தினி வருசமா கடை வெச்சுகினு கீறேன், ஒண்ணு வாயில வெச்சதில்லம்மா. எங்க வூட்ல பசங்களையும் தொட வுடமாட்டேன். சும்மா சும்மா போட்டா உடம்பு பழகிப் பூடும், அப்பாலிக்கா அவசரத்துக்கு வேலை செய்யாது. அதெல்லாம் டாக்டர் சொன்னாத்தான்...”

அங்கே நின்றது பேச்சு. தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதுக்கு அப்போதுதான் போய்ச் சேர்ந்தது.

எல்லம்மா தன் கையிலிருந்த கவரைப் பார்த்தாள். பிறகு கதிரேசனைப் பார்த்தாள்.

“ஒன் பசங்களுக்குத் தரமாட்ட. எங்களுக்கு மட்டும் இன்னாத்துக்குப் போட்டுக் குடுத்துகினு இருந்த?”

“இல்ல ஆயா, நீங்கதானே கேக்கறீங்க... நாளைக்கு வேலைக்குப் போவணும்னு...”

“கேட்டா குடுத்துருவியா? வெசத்தக் கேட்டா?”

அவள் கவரைப் பிரித்து, அந்தச் சிவப்பு-கறுப்பு கேப்சூலை மட்டும் விரலால் பொறுக்கி எடுத்து, கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். பின்னால் பையனோடு நின்ற ஒரு பெண் தன் கவரைப் பிரித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். மேஜைமேல் கேப்சூல்கள் உருண்டன. கதிரேசன் அவற்றைக் கையால் மறைத்து மறைத்து ஒதுக்கினார். அக்கா ரிப்போர்ட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பேனரால் முடியாததை அந்த ஆள் தன் வாயாலேயே செய்து முடித்துவிட்டார். தெருவில் கொஞ்ச தூரம் போனதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆச்சாக்கா? மனசு ஆறிச்சா?” என்றேன்.

அக்கா அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“இத்தினி நாளா அவன ஒண்ணும் தெரியாத மடையன்னு நெனச்சுகினு இருந்தேன்” என்றாள். “அவனுக்குத் தெரிஞ்சிருக்கு சந்திரிகா. தெரிஞ்சே குடுத்திருக்கான். எங்க வூட்டுக்காரரு ஒவ்வொரு தடவ கைய நீட்டினப்பவும் தெரிஞ்சே குடுத்திருக்கான்.”

வீட்டு வாசல் வரை கூடப் போய் விட்டுவிட்டு வந்தேன்.

கதிரேசன் கடை இன்னும் இருக்கிறது. சீட்டில்லாமல் கேப்சூல் கேட்டால் தருவதில்லை என்று கேள்வி. தருவாரோ, மாட்டாரோ, கேட்க ஆள் குறைந்துவிட்டது.

திங்கட்கிழமை அக்கா வழக்கம்போல் வந்தாள். கடல்பாசி காய்ச்சி ஊற்றினாள், ஓமச் சாரம் கலந்தாள், பழைய தட்டிலிருந்து துளி எடுத்துக் கோடு இழுத்தாள். மருந்து வில்லையை வைத்தாள். வட்டம் இந்த வாரம் இன்னும் கொஞ்சம் பெரிதாகுமா என்று பார்க்க வேண்டும் என்றாள். நான் வழக்கமாகக் கேட்பதுபோல், “துரைக்குப் படுக்கை போட்டாச்சாக்கா?” என்று கேட்டேன்.

“இத துரைன்னு கூப்பிடாத” என்றாள். “இது கிருமி. இதுக்கு ஒண்ணும் தெரியாது. துரை அஸ்தினாபுரத்துல கடை வெச்சிருக்கான்.”